நாலுமுக்கு மலையில் ஏழு வருஷம் மழை அளந்த அனுபவம்

மலையில் மழை அளக்க எந்தக் கருவி நல்லது என்று கேட்டு போன மாதம் இரண்டு பேர் கூப்பிட்டார்கள். ஒருவர் வால்பாறைப் பக்கம், இன்னொருவர் கொடைக்கானல் மேல்மலை. ஃபோனில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை, அதனால் எழுதுகிறேன்.

2017 ஜூன் முதல் மாஞ்சோலை மலையில், நாலுமுக்கில், இரண்டு கருவிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்து வந்தேன். ஒன்று, வானிலைத் துறை வைக்கிற மாதிரியான சாதாரண மழைமானி, கண்ணாடியிழையில் செய்தது. இன்னொன்று, சூரியத் தகடு வைத்த தானியங்கி. தேயிலைத் தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதுவது என் வேலை. மழைக்கணக்கு நானாக ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டது.

ஊர் தெரியாதவர்களுக்கு: மணிமுத்தாறு அணையைத் தாண்டி, செக்போஸ்ட்டில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு, மாஞ்சோலை, காக்காச்சி என்று ஏறினால் அடுத்தது நாலுமுக்கு. அதற்கும் மேலே ஊத்து, குதிரைவெட்டி. எல்லாமே 1000 மீட்டருக்கு மேல், களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் காட்டுக்கு நடுவே. ஆனி ஆடியில் சாரல், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை என்று இரண்டு பருவமும் எங்களை விடாது. அட்டைக்கடியோடுதான் மழைமானிக்குப் போய்வர வேண்டும்.

முதலில் கைமானி, அதாவது கையால் அளக்கிற அந்தச் சாதாரண மழைமானி. இதில் கெட்டுப்போக ஒன்றுமே இல்லை. மேலே புனல், உள்ளே பாட்டில், அளக்க ஒரு ஜாடி. விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் மட்டமாக நிற்க வேண்டும். பக்கத்தில் மரமோ சுவரோ இருந்தால் அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி வைக்க வேண்டும். தேயிலைக் காட்டில் அப்படி ஒரு இடம் கிடைப்பதுதான் பாடு. எங்கே பார்த்தாலும் சில்வர் ஓக் நிற்கும். கடைசியில் லயனுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால் இருந்த பழைய நாற்றங்கால் மேட்டைப் பிடித்தேன். காட்டு மாடு ஒருமுறை வேலியோடு சேர்த்துச் சாய்த்துவிட்டது. அதற்குப் பிறகு சுற்றிலும் கல்தூண் ஊன்றினேன்.

வாங்குகிறவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது புனலின் பரப்பும் பாட்டிலின் கொள்ளளவும். என்னுடையது 200 சதுர செ.மீ. புனல், 4 லிட்டர் பாட்டில். இந்தப் புனலில் 1 மி.மீ. மழை என்றால் 20 மில்லி தண்ணீர். 4 லிட்டர் நிறைந்தால் 200 மி.மீ. வானிலைத் துறைக் கணக்கில் 204.5 மி.மீ.யிலிருந்துதான் அதி கனமழை. அதாவது அந்தக் கோட்டைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே என் பாட்டில் வழியும். கீழே அம்பாசமுத்திரத்தில் இது பெரிய குறையாகத் தெரியாது. நாலுமுக்கில் தெரியும். மேற்கு மலையில் இருக்கிறவர்கள் 10 லிட்டர் பாட்டிலோடு வாங்குங்கள், அல்லது 100 சதுர செ.மீ. புனலாக வாங்குங்கள், அதே 4 லிட்டர் அப்போது 400 மி.மீ. வரை தாங்கும்.

ஜாடியில் நான் பட்ட கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வருஷம் ஜாடி கைதவறி உடைந்தது. புதிதாக வரவழைத்தேன். கடைக்காரர் 100 சதுர செ.மீ. புனலுக்கு உரிய ஜாடியை அனுப்பியிருக்கிறார்; நானும் பார்க்கவில்லை. மூன்று வாரம் என் நோட்டில் இருந்த மழை எல்லாம் இரண்டு மடங்கு. தானியங்கி பக்கத்தில் இருந்ததால்தான் மாட்டியது. கைமானி 48 காட்டுகிறது, தானியங்கி 23 காட்டுகிறது என்றால் எங்கோ பிழை இருக்கிறது என்று உட்கார்ந்து மில்லிக் கணக்குப் போட்டேன். அன்றிலிருந்து ஜாடியின் அடியில் புனல் பரப்பை பெயின்ட்டால் எழுதி வைத்திருக்கிறேன்.

இனி தானியங்கி. உள்ளே, பிள்ளைகள் ஏறி ஆடுகிற சீசா பலகை போல இரண்டு பக்கமும் குழியுள்ள ஒரு சின்ன வாளி, ஒரு பக்கம் 0.2 மி.மீ. சேர்ந்ததும் சாயும், மறுபக்கம் நிறையத் தொடங்கும். ஒவ்வொரு சாய்வும் ஒரு எண்ணிக்கை. சாரலுக்கு அருமையான கருவி. கொட்டுகிற மழையில் பின்தங்கும், ஏனென்றால் வாளி சாய்கிற அந்தக் கணத்தில் விழுகிற தண்ணீர் கணக்கில் வராது. கனமழை நாட்களில் எனக்குப் பத்தில் ஒரு பங்கு வரை குறைத்தே காட்டியது. காற்று சேர்ந்தால் இன்னும் குறையும். எறும்பு வாளிக்குள் மண் சேர்த்தாலோ, சிலந்தி நூல் கட்டினாலோ, ஒரு ஓக் இலை புனல் வாயை மூடினாலோ, வெளியே ஊற்றிக்கொண்டிருக்கும்போது உள்ளே திரை 0.0 என்று நிற்கும்.

சூரியத் தகட்டை நம்பி மலைக்கு வாங்காதீர்கள். ஆடியில் பத்து நாள் வெயில் முகமே தெரியாது. பேட்டரி நாலாம் நாளே சோர்ந்துவிடும். ஈரப்பத அளவுமானி ஒருமுறை 99 தொட்டால் மஞ்சு (மலையில் இறங்கும் மேகமூட்டம்) விலகிய பிறகும் பாதி நாள் அங்கேயே நிற்கும். ஃபோன் சிக்னல் வழியாகத் தகவல் அனுப்பும் வசதிக்குக் கூடுதல் பணம் கொடுத்தேன். எங்கள் மேட்டில் அது ஒரு வாரம் சேர்ந்தாற்போல் வேலை செய்ததில்லை. உள்ளே நினைவகம் உள்ள மாடலாக இருந்ததால் தப்பித்தேன்.

பலரும் கவனிக்காத இன்னொன்று, நாள் கணக்கு. வானிலைத் துறைக்கு மழை நாள் என்பது காலை 8.30-லிருந்து மறுநாள் காலை 8.30 வரை. தானியங்கி ராத்திரி 12 மணிக்குத் தன் கணக்கைப் பூஜ்யமாக்கிக்கொள்ளும். நம்மூர் வடகிழக்குப் பருவ மழை பல நாள் ராத்திரியும் விடியற்காலையுமாகப் பெய்கிறது. ஒரே மழை இரண்டு நாளாக உடைந்துவிடும். முதல் வருஷம் முழுக்க என் இரண்டு கணக்கும் ஒத்துப்போகாததற்கு இதுதான் காரணம். ஐந்து நிமிடப் பதிவை எடுத்து 8.30-க்கு வெட்டிக் கூட்டிய பிறகுதான் ஒழுங்கானது.

இவ்வளவு குறை சொன்னாலும் தானியங்கியை நான் விடவில்லை. மழை எத்தனை மணிக்குப் பிடித்தது, எந்த ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கொட்டியது என்பதைக் கைமானி சொல்லாது. கீழே தாமிரபரணியின் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில், சேரன்மகாதேவிப் பக்கம், வயல் வைத்திருக்கிற ஒருவர் பிசான நெல் சாகுபடிக்கு நாற்று பாவினதிலிருந்து தினமும் கூப்பிடுவார். “அண்ணாச்சி, மேல எப்படி? நேத்து ராத்திரி வெளுத்து வாங்கிச்சுன்னாவளே, இப்பமும் பெய்யுதா, விட்டுட்டா?” அவருக்கு மொத்த மி.மீ. வேண்டாம். இன்னும் பெய்கிறதா, எவ்வளவு வேகமாக என்பதுதான் வேண்டும்.

2023 டிசம்பர் 17-ஐ இங்கே யாரும் மறக்க மாட்டோம். அன்று காலையிலிருந்து பிடித்த மழை மறுநாளும் விடவில்லை. கரண்ட் போனது, பாதை போனது. ராத்திரி கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு, டார்ச் பிடித்து, பாட்டிலை மாற்றி மாற்றி வைத்தேன். மாற்றின நேரத்தை ஒவ்வொரு தடவையும் எழுதினேன். வழக்கமாக மலையில்தான் அதிகம், கீழே குறைவு. அந்த ஒரு நாள் கடற்கரை எங்களை முந்தியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. என் 4 லிட்டர் பாட்டிலை அங்கே வைத்திருந்தால் நாலு தடவைக்கு மேல் நிறைந்திருக்கும். தானியங்கி அன்று நடுராத்திரியோடு நின்றுவிட்டது. அதுவரைக்குமான மணிக்கணக்கு என்னிடம் இருக்கிறது, அதற்குப் பிறகு பாட்டில் கணக்கு மட்டும்தான்.

மச்சான் ராணுவத்தில் லடாக்கில் இருந்தவன். லீவுக்கு வந்தபோது என் மானியைப் பார்த்துவிட்டு, “அங்க கம்பு நட்டுல்லா பனியோட உசரத்தப் பாப்பாவ” என்றான். உயரம் மட்டும் போதாதாம். பனியை வெட்டி எடை போட்டு, உருக்கினால் எவ்வளவு தண்ணீர் என்று பார்க்க வேண்டும். புதிதாக விழுந்த பூப்பனி 10 செ.மீ. இருந்தால் சுமாராக 1 செ.மீ. தண்ணீர்தான், நாளாகி இறுகினால் கணக்கு மாறும். குளிரில் சேர்ந்த பனி வெயில்காலத்தில் உருகித்தான் அங்கே ஆறு ஓடுகிறது. எங்கள் மலையில் அந்த மாதிரிப் பனி விழாது. சித்திரையிலும் தாமிரபரணி ஓடுகிறதென்றால் அந்தத் தண்ணீர் சோலைக்காட்டு மண்ணிலும் புல்மேட்டிலும் தங்கியிருந்து கசிவது.

அவன் போன பிறகு மஞ்சைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன். தை மாசக் காலையில் மேகம் தரையோடு தவழும். திறந்தவெளி மானியில் ஒரு சொட்டு இருக்காது. பத்தடி தள்ளி ஓக் மரத்தடியில் நின்றால் சட்டை நனையும், மண் ஈரமாகக் கிடக்கும். இலைகள் மஞ்சைப் பிடித்துச் சொட்டுகின்றன. என் புனலுக்கு அது தெரியவில்லை. பழைய புனல் ஒன்றின் மேல் கொசுவலைக் கம்பியை உருளையாகச் சுற்றி நிறுத்தினேன். மழையில்லாத காலைகளில் அதில் தண்ணீர் இருந்தது, சில நாள் கால் டம்ளர் வரைக்கும். இதை மி.மீ. ஆக மாற்றி மழைக்கணக்கில் சேர்க்க முடியாது. மஞ்சு இறங்கின நாளையும் இறங்காத நாளையும் ஒப்பிடலாம், அவ்வளவுதான். ஆனாலும் ஏழு வருஷத்தில் எனக்குப் பெரிய சந்தோஷம் தந்தது இந்தக் கம்பிவலைதான்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கைமானி வாங்குங்கள், காலை 8.30-க்கு அங்கே போய் நிற்க ஆள் இருந்தால். ஆள் இல்லையென்றால் எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். தானியங்கிக்கும் வாரம் ஒருமுறை புனலைத் துடைக்க ஆள் வேண்டும்.

2024 ஜூனோடு தோட்ட வேலை நின்றது. நாங்கள் கல்லிடைக்குறிச்சிக்கு இறங்கி வந்துவிட்டோம். தானியங்கியைக் கழற்றி எடுத்து வந்தேன், கைமானியைப் பிடுங்க மனசு வரவில்லை. மேலேயே இருக்கிற பக்கத்து லயன் அக்கா தினமும் பார்த்து வைத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு வரும்போது சொல்கிறார். “தம்பி, வெள்ளிக்கிழமை பன்னெண்டு, சனிக்கிழமை ஒண்ணுமில்ல, ஞாயித்துக்கிழமை நான் கோயிலுக்குப் போயிட்டேன்.” ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக ஒரு கோடு போட்டு, திங்கள் அளவை இரண்டு நாளுக்கும் சேர்த்தது என்று எழுதிக்கொள்கிறேன். அடுத்த தடவை மேலே போகும்போது 10 லிட்டர் பாட்டிலும், அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பெரிய எண் போட்ட ஜாடியும் கொண்டுபோக வேண்டும்.