ஊசியா, மாற்றுக் கன்றா?

சைலெல்லா பாக்டீரியா தாக்கி இலை ஓரம் கருகும் ஓக் மரத்துக்கு முழுக் குணம் கிடையாது. நீர் ஏறும் குழாய்களுக்குள்ளேயே கிருமி குடியிருப்பதால், மேலே தெளிக்கும் மருந்து எட்டாது.

அடிமரத்தில் ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்தை ஊசியாகப் போட்டால் கருகல் தள்ளிப்போகும். ஆனால் கிருமி அடங்கியிருக்கும், அவ்வளவுதான். ஆண்டுதோறும் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் தண்டில் புதுக் காயம்.

இன்னொரு வழி: காய்ந்த கிளைகளைக் கழித்து, வறட்சியில் நீர் ஊற்றி, பக்கத்திலேயே நோய் எளிதில் தொற்றாத வேறு இனக் கன்றை நட்டுவிடுவது. மரம் சரியப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் கன்று வளர்ந்துவிடும்.

பாதிக் கிளைகள் போன மரத்துக்கு நான் ஊசிக்குச் செலவழிக்க மாட்டேன். இப்போதுதான் அறிகுறி காட்டும் நல்ல நிழல்மரமா? சரி, போட்டுப் பார்க்கலாம். ஆய்வகத்தில் உறுதிசெய்த பிறகுதான். வறட்சியிலும் இலை இப்படியே கருகும்.