டெண்டர் போட சொந்த டோக்கனா, சென்டர்காரரா?

பெரிய கான்ட்ராக்டரிடம் சப்-கான்ட்ராக்ட் எடுத்துப் பூச்சு, சென்ட்ரிங் என்று ஓட்டியவர் முதல் தடவையாகச் சொந்தப் பெயரில் ஆன்லைன் டெண்டர் போடும்போது வரும் கேள்வி இது. காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் எனக்குத் தெரிந்தவர்களில் பாதிப் பேர், டெண்டரை ஏற்றிக் கொடுக்கும் கம்ப்யூட்டர் சென்டர்தான்.

சென்டரில் வசதி உண்டு. ஸ்கேன், பிடிஎஃப், சாஃப்ட்வேர் தகராறு எல்லாம் அவர் தலைவலி. ஆனால் நம்ம டோக்கனும் (டிஜிட்டல் கையெழுத்து இருக்கும், பென் டிரைவ் மாதிரியான சாதனம்) அதன் பின் நம்பரும் சென்டர்காரர் டிராயரில் கிடக்கும். அதில் இருக்கும் கிளாஸ் 3 டிஜிட்டல் கையெழுத்து சட்டப்படி நம் கையெழுத்தேதான். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கதை. அதைவிட, நம்ம ரேட் அவருக்குத் தெரிந்துவிடும். அதே வேலைக்கு இன்னும் மூன்று பேர் அந்த மேசைக்குத்தான் வருவார்கள்.

வீட்டில் போட்டால் பயம்தான் முதல் செலவு. ரேட் நிரப்பும் எக்செல் ஷீட்டின் பெயரை மாற்றக்கூடாது. நான் வேலையின் பெயரை வைத்து சேவ் பண்ணி, ஏறவே இல்லை. மூன்று மணி கெடு, இரண்டேகாலுக்குக் கரண்ட் போனது. மொபைல் நெட்டில் ஒருவழியாக ஏற்றிய பிறகும் டெண்டரை உறுதிசெய்யும் 'ஃப்ரீஸ்' பட்டனை அழுத்தி ஒப்புகைச்சீட்டு வந்தால்தான் கணக்கு. கெடுவுக்குள் ரேட்டைத் திருத்தி மறுபடி ஏற்றலாம். வாபஸ் வாங்கும் 'வித்ட்ரா' கொடுத்தால் திரும்ப நுழைய முடியாது.

இப்போது நான் ஸ்கேன் வேலையை மட்டும் சென்டரில் கொடுக்கிறேன். ரேட் போடுவது ராத்திரி வீட்டில், டோக்கன் சட்டைப் பையில்.