ஐந்து வயதுக் குழந்தைக்கு வாங்கிய பல்லாங்குழி, மூன்று மாதம் விளையாடிப் பார்த்த பிறகு

என் மகளுக்கு ஐந்து வயது. இருபது வரை கடகடவென்று ஒப்பிப்பாள், ஆனால் "ஏழு ஸ்பூன் எடுத்துட்டு வா" என்றால் கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு வந்து நிற்பாள். எண்ணின் பெயர் தெரிகிறது, அளவு பிடிபடவில்லை. இன்னொரு ஒர்க்‌ஷீட் கட்டு வாங்க மனம் வராமல், மடக்கி வைக்கும் மரப் பல்லாங்குழி ஒன்றை ஆன்லைனில் 650 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கலாமா என்று கேட்டால் கட்டாயம் வாங்குங்கள், ஆனால் நேரில் பார்த்து வாங்குங்கள்.

ஏனென்றால் எங்களுக்கு வந்த பலகையில் குழி ஆழமே இல்லை. ஏழெட்டு சோழி சேர்ந்தால் ஒன்று உருண்டு பக்கத்துக் குழிக்குப் போய்விடும், எண்ணப் பழகும் குழந்தைக்கு இது பெரிய குழப்பம். கீலில் விரல் மாட்டுகிறது. குழிக்கு ஐந்து வீதம் 14 குழிக்கு 70 சோழி வேண்டும், இருந்ததோ 64, அதுவும் பிளாஸ்டிக். கடைசியில் புளியங்கொட்டைக்கு மாறிவிட்டோம், சின்னக் கைக்கு அதுதான் வசதி. குன்றிமணியை மட்டும் போடாதீர்கள், அது விஷம். அப்புறம், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் எந்தக் கொட்டையும் தரையில் கிடக்கக் கூடாது, தொண்டையில் சிக்கிவிடும்.

ஆனால் ஆட்டம் இருக்கிறதே, அதற்கு ஈடாக நான் எதையும் பார்க்கவில்லை. ஒரு குழிக்கு ஒரு கொட்டை என்று போட்டுக்கொண்டே போகும்போது வாய் சொல்லும் எண்ணும் கை வைக்கும் கொட்டையும் தானாகவே ஒன்றாகச் சேர்கின்றன. எங்கள் ஆச்சி முறைப்படி ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு', அந்தக் குழி யார் பக்கத்தில் இருக்கிறதோ அவர் எடுத்துக்கொள்ளலாம். அதனால் மூன்று கிடக்கும் குழியைக் கண்டால் "இன்னும் ஒண்ணு விழுந்தா பசு!" என்று கத்துகிறாள், நான்கை எண்ணாமலே பார்த்த மாத்திரத்தில் சொல்கிறாள். போன வாரம் ஆச்சியோடு ஆடும்போது, கொட்டையை எடுப்பதற்கு முன்னாலேயே விரலால் குழிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆச்சி, இதை எடுத்தா எனக்கு அந்தக் கொட்டை நிறைஞ்ச குழி கிடைக்கும்" என்றாள். எனக்குப் புல்லரித்துவிட்டது, யாரும் சொல்லிக்கொடுக்காத கணக்கு அது.

முதல் வாரம் குழிக்கு இரண்டு கொட்டை மட்டும் போட்டு ஆடுங்கள், ஐந்தில் தொடங்கினால் ஆட்டம் நீண்டு குழந்தை எழுந்து போய்விடும். தோற்றால் அழுவாள்தான், அழட்டும், வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தால் யோசிக்க மாட்டாள்.

ஆட்டம் முடிந்ததும் அதே கொட்டைகளைத் தரையில் அடுக்கி எழுத்து செய்கிறோம். அ, ஆ என்று தொடங்காமல் நேர்கோட்டில் வரும் ட, ப இரண்டையும் முதலில் எடுத்தோம். அடுத்து ம. அதன் தலையில் ஒரே ஒரு கொட்டை வைத்தால் ம், புள்ளி என்றால் என்ன என்று அவளுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. படம், மடம், பட்டம் எல்லாம் இப்போது சமையலறை வாசல் வரை நீள்கின்றன.

பரணில் பாட்டி காலத்துப் பலகை கிடந்தால் புதிது தேட வேண்டாம், நல்லெண்ணெய் தொட்டுத் துடைத்து எடுங்கள். பழைய பலகைகளில் குழி நல்ல ஆழமாக இருக்கும்.