சிவப்புக் கயிறு தரையைத் தொடுகிறதா? முதியோர் குடியிருப்பில் 7 ஆண்டுகள்

நாங்கள் இந்தக் குடியிருப்புக்கு வந்தபோது எனக்கு 66 வயது, கணவருக்கு 70. வந்து 7 ஆண்டுகள் ஓடிவிட்டன. உறவினர்கள், பழைய அலுவலகத் தோழிகள், மகளின் மாமியார் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள்: "இடம் எப்படி, நாங்களும் சேரலாமா?" ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் ஒரு மணி நேரம் பதில் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். எனவே எழுதிவைத்துவிடுகிறேன். குடியிருப்பின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். இன்னும் இங்கேதான் குடியிருக்கிறேன். நாளைக் காலையில் மேலாளர் முகத்தில் விழிக்க வேண்டும்.

ஓராண்டில் 9 இடங்களைப் பார்த்தோம். கணக்குப் பிரிவில் 31 ஆண்டுகள் குப்பை கொட்டியவள் நான். சும்மா பார்த்துவிட்டு வர மனம் வருமா? தாளில் கட்டம் போட்டு, இடத்துக்கு இடம் மதிப்பெண் போட்டேன். நூலகம், நடைபாதை, மரங்கள், உடற்பயிற்சிக் கூடம், ஜன்னல் வழியே தெரியும் காட்சி, மேலாளரின் பேச்சு என 26 கட்டங்கள். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. எடுத்துப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. எல்லா இடங்களுக்கும் முற்பகல் 11 மணிக்கே போயிருக்கிறோம். இரவு 2 மணிக்கு அந்த இடம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. 26 கட்டங்களும் நன்றாக நடக்கிற, நன்றாகக் காது கேட்கிற, மாடிப்படி ஏறுகிற இரண்டு பேருக்காகப் போடப்பட்டவை. அந்த இரண்டு பேர் இங்கே குடியிருந்தது மூன்றே ஆண்டுகள்தான்.

மூன்றாம் ஆண்டின் கடைசியில் கணவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரியவந்தது. கை நடுக்கத்தைப் பற்றித்தான் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்களை அதிகம் படுத்தியது நடுக்கமல்ல, உறைவு. நடந்து வருகிறவர் வாசற்படி அருகில் வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதைப்போல நின்றுவிடுவார். மேல் உடம்பு முன்னே போகும், கால் வராது. இந்த நோயில் குறுகலான கதவுகளும், திருப்பங்களும், தரையின் நிறம் மாறும் இடங்களும் இப்படி நிறுத்திவிடுவது வழக்கம் என்று இயன்முறை மருத்துவர் சொன்னார். எங்கள் வீட்டில் ஒவ்வொரு கதவுக்குக் கீழேயும் அழகுக்காகக் கறுப்புக் கல் பட்டை பதித்திருந்தார்கள். அதற்கு நான் என் தாளில் 10க்கு 9 போட்டிருக்கிறேன்.

அதே மருத்துவர்தான் ஒரு வழியும் சொன்னார். நடைவழியில் ஓரடிக்கு ஒரு கோடு வீதம் குறுக்காக ஒட்டுநாடா ஒட்டச் சொன்னார். கண் கோட்டைப் பார்க்கும், கால் கோட்டைத் தாண்டும். முதல் நாள் கணவர் மளமளவென்று நடந்து போனதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுவாரம் நிர்வாகத்திலிருந்து ஆள் வந்து, தரையில் நாடா ஒட்டுவது விதிக்குப் புறம்பு என்றார். அந்தச் சண்டையை விவரித்தால் தனிப் புத்தகமாகும். நாடா இன்னும் இருக்கிறது.

அப்போதுதான் அளவு நாடாவைக் கையில் எடுத்தேன். சக்கர நாற்காலி தடையில்லாமல் போக, கதவு திறந்த பிறகு குறைந்தது 81 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். அது ஒரு முழு வட்டம் திரும்ப 150 சென்டிமீட்டர் விட்டமுள்ள இடம் வேண்டும். சாய்தளம் ஓரடி உயர 12 அடி நீள வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் ஏற்றும்போது தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும், இறக்கும்போது நாற்காலி கைமீறும். இவையெல்லாம் கட்டடக் கலைஞர்களுக்கு மனப்பாடமான அளவுகள். எங்கள் குளியலறைக் கதவு 68 சென்டிமீட்டர். பிடித்துக்கொண்டு நடக்கும் நடைச் சட்டத்தோடு (வாக்கர்) உள்ளே போவதென்றால் பக்கவாட்டில் நண்டுபோல நகர வேண்டும். சுவரில் கைப்பிடி பொருத்தலாம் என்றால், அது உள்ளே வெற்றிடம் உள்ள மெல்லிய தடுப்புச் சுவர். ஆளின் எடை விழுந்தால் கைப்பிடியே கையோடு வந்துவிடும் என்று தச்சர் கையை விரித்துவிட்டார். பின்னால் மரச் சட்டம் கொடுத்து வலுப்படுத்திய பிறகே பொருத்த முடிந்தது. வீடு பார்க்கப் போகிறவர்கள் அந்தச் சுவரை ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கலாம், காசா பணமா?

வெளிச்சம் இன்னொன்று. 20 வயதில் விழித்திரையைச் சேரும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் சேர்கிறது. கண்மணி சுருங்குகிறது, உள்ளிருக்கும் வில்லை மஞ்சளாகிறது. இங்கே நடைவழி விளக்குகளை "இதமாக இருக்கட்டும்" என்று மங்கலாக வைத்திருந்தார்கள். யாருக்கு இதம் என்று யாரும் கேட்கவில்லை. பளபளவென்ற தரையில் அந்த மங்கல் விளக்கு விழுந்தால் ஈரம்போலத் தெரியும். பாதிப் பேர் சுவரோரமாகவே நடப்பார்கள்.

இனி, தலைப்பில் சொன்ன கயிறு.

குளியலறையில் கழிப்பறைப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். இழுத்தால் காவல் அறையில் மணி அடிக்கும். நான்காம் ஆண்டில் ஒரு வாரம் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். கணவர் இரவு 3 மணிக்குக் குளியலறைக்குப் போய், கை கழுவும் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்துவிட்டார். கயிறு கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டவில்லை. தரையைத் துடைக்கும்போது கயிறு நனைந்து அழுக்காகிறது என்று துப்புரவுப் பெண் அதை முடிச்சுப் போட்டுத் தோள் உயரத்துக்குத் தூக்கிக் கட்டியிருந்தார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். நான்கு ஆண்டுகளாக அந்த முடிச்சை நானும் தினமும் பார்த்திருக்கிறேன், எனக்கும் உறைக்கவில்லை. காலை 7 மணிக்கு அதே பெண் வந்து பார்க்கும் வரை அவர் குளிர்ந்த தரையிலேயே கிடந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் மருத்துவமனையில் முதலில் சிறுநீரகத்தைத்தான் சோதித்தார்கள். மணிக்கணக்கில் ஒரே பக்கமாக அழுந்திக் கிடந்தால் தசை சிதைந்து, அந்தக் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். விழுவதைவிட விழுந்து கிடப்பதே சில நேரம் பெரிய ஆபத்து. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள், அவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம்.

ஆகவே வீடு பார்க்கப் போனால் கயிறு தரைவரை தொங்குகிறதா என்று பாருங்கள். பிறகு இழுங்கள். அனுமதி கேட்டுவிட்டு இழுக்கலாம். கேட்காமல் இழுத்தால் உண்மை தெரியும். யார் வருகிறார், எத்தனை நிமிடத்தில் வருகிறார், வந்தவருக்கு ஆளைத் தூக்கத் தெரியுமா, மாற்றுச் சாவி எங்கே இருக்கிறது? மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு நான் இழுத்துப் பார்த்தேன். பகலில் 3 நிமிடம். இரவில் 11 நிமிடம், ஏனென்றால் இருந்தது ஒரே காவலர், அவர் வாசலைப் பூட்டிவிட்டு வர வேண்டும். குடியிருப்போர் சங்கத்தில் இந்த இரண்டு எண்களைப் படித்தேன். அடுத்த மாதம் இரவுக்கு இரண்டாவது ஆள் வந்தார், மாதக் கட்டணமும் கொஞ்சம் ஏறியது. ஏறட்டும்.

ஒப்பந்தத்துக்கு வருகிறேன். இங்கே நான் ஏமாறவில்லை என்றுதான் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

இத்தகைய இடங்களில் மூன்று விதமாகச் சேரலாம்: வீட்டை விலைக்கு வாங்குவது, வாடகைக்கு இருப்பது, பெரிய தொகையை வைப்பாகக் கொடுத்து ஆயுள் முழுக்கக் குடியிருக்கும் உரிமை பெறுவது. நாங்கள் மூன்றாவது. வைப்புத் தொகையில் எத்தனை சதவீதம் திரும்ப வரும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எப்போது திரும்ப வரும் என்று கேட்பவர் குறைவு. பல ஒப்பந்தங்களில் "அடுத்த குடியிருப்பாளர் சேர்ந்த பிறகு" என்று ஒரு சொற்றொடர் ஓரமாக உட்கார்ந்திருக்கும். அடுத்தவர் மூன்று ஆண்டுகள் வராவிட்டால்? நிறுவனமே நொடித்துப்போனால், வைப்புக் கொடுத்தவர் வங்கிகளுக்கும் பிற கடன்காரர்களுக்கும் பின்னால் வரிசையில் நிற்க நேரலாம். அதனால் எத்தனை வீடுகள் காலியாக இருக்கின்றன, கூரைக்கும் மின்தூக்கிக்கும் தனி நிதி ஒதுக்கியிருக்கிறார்களா, தணிக்கை செய்த கணக்கைக் காட்டுவார்களா என்று கேட்டேன். காட்டினார்கள். கட்டண உயர்வுக்கும் உச்சவரம்பு போடவைத்தேன். ஆண்டுக்கு 7 சதவீதம் என்பது கேட்கச் சின்னதாக இருக்கும்; 10 ஆண்டு சொச்சத்தில் கட்டணம் இரட்டிப்பாகிவிடும். 72ஐ அந்தச் சதவீதத்தால் வகுத்தால் எத்தனை ஆண்டில் இரட்டிப்பாகும் என்று வந்துவிடும், அவ்வளவுதான் கணக்கு. இருவரில் ஒருவர் காலமானால் கட்டணம் எவ்வளவு குறையும் என்பதையும் கேட்டு எழுதி வாங்கினேன். பாதியாகக் குறையாது. நாங்கள் அதைக் கேட்டபோது கணவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்தனை கேட்டவள், 14ஆம் பக்கத்தில் இருந்த ஒரு வரியைச் சாதாரணமாகத் தாண்டிவிட்டேன்: "குடியிருப்பாளர் தற்சார்பாக வாழும் நிலையில் இல்லையென நிர்வாகம் கருதினால்..."

தற்சார்புக் குடியிருப்பு என்றால் சமையல், துப்புரவு, பழுது பார்ப்பது, காவல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது, எழுந்து நிற்கக் கைகொடுப்பது அவர்கள் பொறுப்பல்ல. அவற்றுக்கு உதவியோடு வாழும் இல்லங்களும் செவிலியர் இல்லங்களும் தனியாக உண்டு. பல நாடுகளில் அவற்றுக்கு உரிமம், ஆய்வு எல்லாம் கட்டாயம். தற்சார்புக் குடியிருப்போ சட்டத்தின் கண்ணுக்குப் பெரும்பாலும் சாதாரண அடுக்குமாடி வீடுதான். இதெல்லாம் தெரிந்துதான் சேர்ந்தோம். ஆனால் "நிர்வாகம் கருதினால்" என்ற இரண்டு சொற்களின் எடை, ஆறாம் ஆண்டில் அந்தக் கடிதம் வந்தபோதுதான் தெரிந்தது. கணவரின் நிலையை மறுமதிப்பீடு செய்யப்போகிறார்களாம். யார் செய்வது? மேலாளர். மேல்முறையீடு? கிடையாது.

மகள் ஒரு வழக்கறிஞரை அழைத்து வந்தாள். இரண்டு மாதம் இழுத்தது. கடைசியில் மூன்று திருத்தங்கள்: எங்களுக்கும் அவர்களுக்கும் ஒப்புதலான மருத்துவர் மதிப்பிடுவார், எங்கள் செலவில் உதவியாளர் வைத்துக்கொண்டால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள், வெளியேறச் சொன்னால் 6 மாத அவகாசம். சேரும்போதே கேட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும், அப்போது அவர்களுக்கு எங்கள் கையெழுத்து தேவைப்பட்டது. உதவியாளரைப் பற்றியும் முன்பே கேளுங்கள். எங்களிடம் வேலை செய்யும் பெண் இரவு எங்கே படுப்பார், எங்கே சாப்பிடுவார் என்பதற்கு இங்கே விதியே இல்லை. விதி இல்லாத இடத்தில் மேலாளரின் மனநிலைதான் விதி. அந்தப் பெண்ணை உணவுக்கூடத்தில் உட்கார விடமாட்டோம் என்றார்கள். அது இன்றுவரை எனக்கு ஆறாத கோபம்.

குறையாகவே சொல்லிக்கொண்டு போகிறேனோ? பிறகு ஏன் இங்கேயே இருக்கிறாய் என்று மகளும்தான் கேட்டாள்.

கணவர் சதுரங்கம் ஆடுவார். நோய் முற்றியபின் காயைத் தூக்கினால் கை நடுங்கிப் பலகையே கலைந்துவிடும். மூன்றாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் தினமும் மாலை 4 மணிக்கு வருகிறார். இவர் வாயால் சொல்வார், அவர் இரண்டு பக்கக் காய்களையும் நகர்த்துவார். இவருக்குச் சொல் வர நேரமாகும், அவர் காத்திருப்பார். ஒரு நாளும் தானாக ஊகித்து நகர்த்தியதில்லை. தனி வீட்டில் இருந்திருந்தால் இப்படி ஒரு மனிதர் 4 மணிக்குக் கதவைத் தட்டியிருப்பாரா? எனக்கும் சமையல் இல்லை, குழாய் ஒழுகினால் ஆள் தேட வேண்டாம். அந்த நேரமெல்லாம் கணவருக்குப் போகிறது.

உணவுக்கூடம் மட்டும் முதல் ஆறு மாதம் பள்ளிக்கூடம்போல இருந்தது. எந்த மேசையில் யார் என்பது எழுதாத சட்டம். "அது அவர் நாற்காலி அம்மா" என்று ஒருவர் என்னை எழுப்பிவிட்டதும் உண்டு; அந்த "அவர்" இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கூரை உயரமான, திரைச்சீலையோ விரிப்போ இல்லாத கூடம் என்பதால் தட்டுச் சத்தமும் பேச்சும் மோதி எதிரொலிக்கும். காது கேட்கும் கருவி அணிந்தவர்களுக்கு நரகம். அவர்கள் ஒவ்வொருவராக உணவை அறைக்கே வரவழைத்துக்கொண்டு, அப்படியே மற்றவர் கண்ணிலிருந்து மறைந்துபோனார்கள். ஒரு இடத்தைப் பார்க்கப் போனால் நெரிசலான வேளையில் அங்கே உட்கார்ந்து சாப்பிடுங்கள். முடிந்தால் ஒரு வாரம் தங்குங்கள். பல இடங்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு விருந்தினர் அறை கொடுக்கிறார்கள். பரிமாறுகிறவரிடம் எத்தனை ஆண்டாக வேலை செய்கிறீர்கள் என்று பேச்சுவாக்கில் கேளுங்கள். நான்கு பேரும் நான்கு மாதம் என்றால் எழுந்து வந்துவிடலாம்.

தரைத்தளத்தில் ஒரு வீடு அடுத்த மாதம் காலியாகிறது. விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். நேற்று மேலாளர் சுற்றிக்காட்ட அழைத்துப் போனார். "ஜன்னலைத் திறந்தால் தோட்டம் அம்மா, பாருங்கள்" என்றார். நான் குளியலறையில் குனிந்து, கயிற்று நுனிக்கும் தரைக்கும் நடுவில் நாடாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். 40 சென்டிமீட்டர். மாற்றித் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்.