எட்டு வருடம், ஒன்பது ஆயில் ஃபில்டர்: வெட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

காலையில் சாவியைத் திருப்பினால் இரண்டு மூன்று விநாடிக்கு எஞ்சினின் மேல்பக்கத்திலிருந்து கடகடவென்று ஒரு சத்தம். ஆயில் விளக்கும் அணையத் தாமதமாகும். பிறகு ஒன்றுமே நடக்காதது போல் அமைதியாகிவிடும். மதியம் மறுபடி ஸ்டார்ட் செய்தால் அந்தச் சத்தம் வராது. டேப்பெட் என்றார் ஒருவர், டைமிங் செயின் என்றார் இன்னொருவர். கடைசியில் பார்த்தால், எஞ்சின் ஆயிலை மடித்த காகிதத்தால் வடிகட்டும் டப்பாவான ஆயில் ஃபில்டருக்குள் இருந்த ஒரு ரப்பர் வளையம்தான் காரணம். அது தெரிந்த நாளிலிருந்து, கழற்றிய எந்த ஃபில்டரையும் வெட்டிப் பார்க்காமல் நான் தூக்கிப் போட்டதில்லை.

எட்டு வருடமாக ஒரே கார், நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது ஆயிலும் ஃபில்டரும் சேர்த்து மாற்றுகிறேன். இதுவரை நாலு கம்பெனியின் ஒன்பது ஃபில்டர்களை வெட்டியிருக்கிறேன். கம்பெனிப் பெயர்களை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. ஒரே பெயர், ஒரே பார்ட் நம்பர் போட்ட இரண்டு ஃபில்டர்களை இரண்டு வருட இடைவெளியில் வெட்டினேன். முதலாவதில் காகிதத்தின் இரு முனைகளிலும் தகர மூடி இருந்தது, அடுத்ததில் அந்த இடத்தில் அட்டை. அட்டைப்பெட்டியில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அதனால் எதை வாங்கலாம் என்பதைவிட, உள்ளே எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்வதுதான் உங்களுக்கு உதவும்.

வெட்டுவதைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். முதல் ஃபில்டரை ஹேக்ஸா பிளேடால் அறுத்தேன். உள்ளே மினுமினுவென்று இரும்புத் துகள். எஞ்சின் தேய்கிறது என்று பதறிவிட்டேன். அது முழுக்க நான் அறுத்த தகரத்தின் தூள்! ஃபில்டர் வெட்டுவதற்கென்றே பைப் கட்டர் போல ஒரு கருவி இருக்கிறது. சின்னச் சக்கரம் டப்பாவைச் சுற்றிச் சுற்றி அழுத்தி வெட்டும், தூள் விழாது. காகிதத்தில் சிக்கியதைப் படித்தறிய வேண்டும் என்றால் அது இல்லாமல் முடியாது.

ஃபில்டரின் வாய்ப்பக்கத்தைப் பாருங்கள். நடுவில் மரை போட்ட பெரிய ஓட்டை, அதைச் சுற்றிச் சின்னச் சின்ன ஓட்டைகள். ஆயில் சின்ன ஓட்டைகள் வழியாக உள்ளே போய், காகித மடிப்பை வெளியிலிருந்து உள்நோக்கிக் கடந்து, நடுக்குழாய் வழியாக எஞ்சினுக்குப் போகிறது. அந்தச் சின்ன ஓட்டைகளுக்கு உட்புறம் மூடினாற்போல் படுத்திருப்பதுதான் நான் சொன்ன ரப்பர் வளையம். பம்ப் தள்ளும்போது விலகி வழிவிடும். எஞ்சின் நின்றதும் ஓட்டைகளை அடைத்து, ஃபில்டரில் இருக்கும் ஆயில் பின்னோக்கி வடிந்துவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஃபில்டர் வாய் மேலே பார்த்து நேராகத் தொங்கும் கார்களில் இதற்கு அவ்வளவு வேலை இல்லை. என் காரில் ஃபில்டர் படுக்கைவாட்டில் இருக்கிறது. வளையம் சரியில்லை என்றால் இரவோடு இரவாக ஃபில்டர் வடிந்துவிடும். காலையில் பம்ப் முதலில் அதை நிரப்ப வேண்டும், பிறகுதான் பேரிங்குக்கும் கேம் ஷாஃப்ட்டுக்கும் ஆயில் போகும். அந்த இரண்டு மூன்று விநாடிச் சத்தம் அதுதான்.

சத்தம் போட்ட ஃபில்டரின் வளையம் நைட்ரைல் ரப்பர். கட்டைவிரலால் வளைத்தேன், வளைந்த இடத்தில் அப்படியே நின்றது. ஓரத்தில் நகத்தை வைத்து அழுத்தினால் மெல்லிய வெடிப்பு. சூட்டில் வெந்து வெந்து இறுகிப்போயிருந்தது. அடுத்து மாட்டியதில் சிலிக்கோன் வளையம். 10,000 கிலோமீட்டர் ஓடிய பிறகும் வளைத்து விட்டால் துள்ளித் தன் நிலைக்கு வந்தது. காலைச் சத்தமும் அன்றோடு நின்றது. பொதுவாகச் சிலிக்கோன் ஆரஞ்சு அல்லது சிவப்பு, நைட்ரைல் கறுப்பு. ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். புது ஃபில்டர் வாங்கும்போதே, சுத்தமான மழுங்கிய குச்சியால் சின்ன ஓட்டை வழியாக மெதுவாக அழுத்திப் பாருங்கள். லேசாக விலகி, எடுத்ததும் ஒட்டி உட்கார வேண்டும். கழற்றும்போதும் ஒரு சோதனை உண்டு: ராத்திரி முழுக்க நின்ற காரில், காலையில் ஸ்டார்ட் செய்யாமல் ஃபில்டரைக் கழற்றினால் அது ஆயிலோடு கனமாக வர வேண்டும். லேசாக வந்தால் வளையம் தன் வேலையைச் செய்யவில்லை.

காகிதத்துக்கு வருகிறேன். ஆரம்பத்தில் நான் மடிப்புகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். அதிக மடிப்பு இருந்தால் நல்ல ஃபில்டர் என்று நினைப்பு. அது பாதி உண்மைதான். மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் இடையில் ஆயில் போகாது, அந்தப் பரப்பு வீண். ஒன்பதில் எனக்கு மிகவும் பிடித்த ஃபில்டரில் மடிப்பு எண்ணிக்கை நடுத்தரம்தான், ஆனால் சீப்பு போல ஒரே இடைவெளி, ஓடிய பிறகும் அப்படியே நின்றது. அதில் இருந்தது செயற்கை இழை, பின்னால் கம்பி வலை. சாதாரண மரக்கூழ்க் காகிதம் சூட்டில் ஊறி, நாளாவட்டத்தில் மொறுமொறுப்பாகிவிடுகிறது. குறைந்த கிலோமீட்டரில் மாற்றிவிடுபவருக்கு அதுவே போதும். இடைவெளியை நீட்டுபவருக்குச் செயற்கை இழைதான் சரி.

மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கிலும் கவனம் வேண்டும். நம் தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரான் தடிமன். ஃபில்டர் பிடிக்க வேண்டியதோ அதில் மூன்றில் ஒரு பங்கும் அதற்குக் கீழும். பெட்டியில் வெறுமனே ‘20 மைக்ரான்’ என்று போட்டிருந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. அந்த அளவுத் துகளில் பாதியைப் பிடிக்கும் ஃபில்டரையும் அப்படிச் சொல்லலாம், 99 சதவீதம் பிடிப்பதையும் சொல்லலாம். சதவீதமும், ஐஎஸ்ஓ 4548-12 என்ற சோதனை எண்ணும் சேர்ந்து இருந்தால்தான் நான் கணக்கில் எடுப்பேன். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் துகள்களை எண்ணிப் பார்க்கும் சோதனை அது.

ஆனால் எவ்வளவு நல்ல காகிதமாக இருந்தாலும், அதைத் தொடாமல் ஆயில் சுற்றிப் போக ஒரு சந்து கிடைத்துவிட்டால் எல்லாம் வீண். இத்தனை ஃபில்டர்களை வெட்டியதில் எனக்கு உறைத்தது இதுதான். ஒன்றில் காகிதத்தின் இரு ஓரங்களையும் சேர்க்கும் தகரக் கிளிப்பில் கடைசி அரை அங்குலம் காகிதம் மாட்டவே இல்லை. விளக்குக்கு எதிரே பிடித்தபோது அந்த இடத்தில் வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தது. இன்னொன்றில் கிளிப்புக்குப் பக்கத்து மடிப்பு மேலிருந்து கீழ்வரை கிழிந்திருந்தது. மற்றொன்றில் முனை மூடியில் பசை முக்கால் வட்டத்துக்குத்தான் ஓடியிருந்தது. 10,000 கிலோமீட்டர் அந்தச் சந்து வழியாக வடிகட்டாத ஆயில் எஞ்சினுக்குப் போயிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றுமே கனமான, பளபளப்பான டப்பாக்கள். முனையில் தகரமா அட்டையா என்பதைவிட, பசை முழு வட்டம் பிடித்திருக்கிறதா என்பது முக்கியம். அட்டை வைத்தே கச்சிதமாக ஒட்டிய ஒன்றும் எனக்குக் கிடைத்தது.

வேண்டுமென்றே வைக்கும் சந்து ஒன்றும் உண்டு: பைபாஸ் வால்வு. குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கும்போதோ காகிதம் அடைத்துக்கொண்டபோதோ அது திறந்து, வடிகட்டாத ஆயிலையாவது எஞ்சினுக்கு அனுப்பும். ஆயிலே போகாமல் இருப்பதைவிட அழுக்கு ஆயில் மேல். சில எஞ்சின்களில் இந்த வால்வு எஞ்சின் பிளாக்கிலேயே இருக்கும், ஃபில்டரில் இருக்காது. மரை பொருந்துகிறது என்பதற்காக வேறு காரின் ஃபில்டரை மாட்டக்கூடாது என்பது இதனால்தான். நடுக்குழாயில் ஓட்டைகள் முழுதாகத் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். சிலதில் கீறல் மட்டும் போட்டு, வாய் பிளக்காமலே விட்டிருக்கிறார்கள்.

டப்பா இல்லாமல் உள்ளுறுப்பு மட்டும் வரும் ஃபில்டர் உங்கள் காரில் இருந்தால், வெட்டும் வேலையே இல்லை. கூட வரும் ஓ-ரிங்கை (ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) மட்டும் மறக்காமல் மாற்றுங்கள்.

வெட்டிய பிறகு காகிதத்தை ஒரு துண்டு கத்தரித்து, வைஸில் (திருகி இறுக்கும் பட்டறைப் பிடி) வைத்து ஆயிலைப் பிழிந்துவிட்டு, வெயிலில் விரித்துப் பார்ப்பேன். கறுப்புக் கசடு சகஜம். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, ஒட்டாமல் மினுங்கினால் அலுமினியமோ பேரிங் உலோகமோ. இரண்டொரு பொட்டு இருந்தால் கவலை இல்லை. போன தடவையைவிடக் கூடியிருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு துண்டையும் தேதியும் கிலோமீட்டரும் எழுதி ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.

மாட்டும்போது ஒரே எச்சரிக்கை. ஃபில்டர் வாயின் வெளிப்பக்கம் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான கேஸ்கட், பழையதைக் கழற்றும்போது சில சமயம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். எனக்கு ஒருமுறை அப்படி ஆகி, அதன்மேலேயே புதியதை மாட்டிவிட்டேன். ஸ்டார்ட் செய்த அரை நிமிடத்தில் தரையெல்லாம் ஆயில். உடனே அணைத்ததால் எஞ்சின் பிழைத்தது. இப்போது விரலால் அந்த இடத்தை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்து, புது கேஸ்கட்டில் ஆயில் பூசி, அது எஞ்சினைத் தொட்டதும் கையாலேயே இன்னொரு முக்கால் சுற்று. ரெஞ்ச் கழற்றுவதற்கு மட்டும்தான்.

இப்போது காரில் இருப்பது பத்தாவது. சிலிக்கோன் வளையம், செயற்கை இழை. 4,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் ஆயில் விளக்கு ஒரு விநாடியில் அணைகிறது, சத்தம் இல்லை. கிளிப் எப்படி இருக்கிறது என்பது இன்னும் 6,000 கிலோமீட்டர் கழித்துத்தான் தெரியும்.