வளர்ந்தவர்களுக்கான சமூகத் திறன் பயிற்சி: மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு

எனக்கு ஆட்டிசம் இருப்பது 29 வயதில்தான் உறுதியானது. அதுவரை தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவிலும், துறைமுகத்தை ஒட்டிய என் அலுவலகத்திலும் என்னைத் திமிர் பிடித்தவன் என்றே எண்ணியிருந்தார்கள். அடுத்த ஆண்டு, மற்றவர்களோடு பேசிப் பழகக் கற்றுத்தரும் சமூகத் திறன் பயிற்சியில் சேர்ந்தேன். அதை முடித்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டதால், எது கைவசம் நின்றது, எது நிற்கவில்லை என்று இப்போது சொல்ல முடிகிறது.

லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் எலிசபெத் லாகெசன் உருவாக்கிய ‘பியர்ஸ்’ முறையைத் தழுவிய பயிற்சி அது. வாரம் ஒரு வகுப்பு, 90 நிமிடம், 16 வாரங்கள். வீட்டிலிருந்து ஒருவர் துணைப் பயிற்சியாளராக உடன் கற்க வேண்டும். எனக்காக அக்கா வந்தார்.

நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் சற்றுத் தள்ளி நின்று பேச்சு எதைப் பற்றியது என்று கேட்பது, ஓர் இடைவெளி வரும்வரை காத்திருப்பது, அதே விஷயத்தில் ஒரு வாக்கியம் மட்டும் சொல்வது, யாரும் என் பக்கம் திரும்பாவிட்டால் மனம் நோகாமல் விலகுவது என்ற வரிசை, டீக்கடையில் இன்றும் எனக்குத் துணை நிற்கிறது.

கேலியைச் சமாளிக்கும் பாடம்தான் எங்கள் பகுதிக்கு அப்படியே பொருந்தவில்லை. ‘அதனால் என்ன?’ என்பது போன்ற சிறு பதிலோடு கேலியை முடித்துவிட வேண்டும் என்று கற்றிருந்தேன். கேரம் ஆடும் இடத்தில் ஒருவர், “இன்னாபா, ஸ்கேல் வெச்சு அளந்து அடிக்கிறியா?” என்றபோது அந்தப் பதிலையே சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. இரண்டு வாரம் என்னுடன் பேசவில்லை. வடசென்னையில் கலாய்ப்பது பெரும்பாலும் நெருக்கத்தின் அடையாளம் என்பதை அக்காதான் விளக்கினார்: “கலாய்ச்சவன் அடுத்த ஆட்டத்துக்கு உன்னைக் கூப்பிடுறானா பாரு. கூப்பிட்டா, உன்னைச் சேத்துக்கிட்டான்னு அர்த்தம்.” பயிற்சியாளர் இதைக் கேட்டு, மறுவாரம் இதையே ஒத்திகையாக நடத்தினார், 16 வாரங்களில் எனக்கு மிகவும் பயன்பட்ட வகுப்பு அதுதான்.

கண்ணைப் பார்த்துப் பேசும் முயற்சியை நான் கைவிட்டுவிட்டேன். கவனமெல்லாம் கண்ணுக்கே போய்விடுவதால், எதிரில் இருப்பவர் சொல்வது மனதில் பதிவதில்லை. ஆட்டிசம் உள்ளவரும் சமூகவியலாளருமான டேமியன் மில்டன், புரியாமை ஆட்டிசம் உள்ளவர், இல்லாதவர் என இரு தரப்புக்கும் உரியது என்று 2012-இல் எழுதினார். அதை வாசித்த பிறகே, வாய்மொழியாகச் சொல்லும் வேலையை எழுத்திலும் அனுப்புமாறு மேலாளரிடம் கேட்கும் துணிவு வந்தது. அவர் அன்று மாலையே வாட்ஸப்பில் அனுப்பத் தொடங்கினார்.

சேர நினைப்பவர்கள், துணைக்கு வருபவர் தங்கள் தெருவையும் டீக்கடையையும் அறிந்தவராக இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். கேரம் நண்பர் இப்போது ஞாயிறுதோறும் என்னை ஆட்டத்துக்கு அழைக்கிறார்.