4,680 கட்டங்கள்: ஒரு சுவர்த்தாளுடன் 14 மாதம்

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். தாளுக்கு மட்டும் என்றால் நான்கு கொடுப்பேன். பேனாவுக்கு ஒன்று. கூடவே வந்த கையேட்டுக்கு ஒன்றும் கிடையாது. 14 மாதம் சுவரில் வைத்துப் பார்த்த பிறகு எழுதுகிறேன். வாங்கிய மறுநாளே 'வாழ்க்கையே மாறிவிட்டது' என்று எழுதியவர்களை இப்போது பிடித்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க ஆசை.

பொருள் இதுதான்: ஏ2 அளவில் ஒரு தாள். குறுக்கே 52 கட்டம், நெடுக்கே 90 வரி. ஒரு கட்டம் ஒரு வாரம், ஒரு வரி ஒரு வயது. மொத்தம் 4,680. கழிந்த வாரங்களை முதலில் கறுப்பாக்கிவிட வேண்டும். அப்புறம் வாரத்துக்கு ஒன்றாக அடைத்துக்கொண்டே வர வேண்டும். மிச்சமிருக்கும் வெள்ளையைப் பார்த்துப் பார்த்து நமக்குச் சுறுசுறுப்பு வரும் என்பது விற்பவர்களின் நம்பிக்கை.

நான் மெய்ப்புத் திருத்துபவன். புரூஃப் பார்க்கிறவன் என்றால் எல்லோருக்கும் புரியும். 19 ஆண்டு என் எதிர் மேசையில் உட்கார்ந்து அதே வேலை பார்த்தவர் ஒரு வெள்ளிக்கிழமை பாதி பார்த்த படியை மூடி வைத்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை வரவில்லை. அந்தப் படி என்னிடம் வந்தது. 112ஆம் பக்கம் வரை அவருடைய சிவப்பு மை. 113இல் ஒரு குறியும் இல்லை. அந்தப் பக்கத்தின் இரண்டாவது வரியில் ஓர் ஒற்று மிகுந்திருந்தது, மிகக் கூடாத இடத்தில். நான் அதை நீக்கிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். அதற்கு மேல் அன்று ஓடவில்லை.

நாம் இருக்கும்போது மரணம் இல்லை, மரணம் வரும்போது நாம் இல்லை, பிறகு ஏன் பயம் என்று கிரேக்கத் தத்துவஞானி எபிகியூரஸ் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார். வாதத்தில் ஓட்டை ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு அது வேலை செய்யவில்லை. இல்லாமல் போவதைப் பற்றியா நான் பயந்தேன்? 113ஆம் பக்கத்தைப் பற்றித்தான். அந்த வாரமே இந்தத் தாளை வரவழைத்தேன்.

எனக்கு அப்போது 54 முடிந்திருந்தது. அதாவது 2,808 கட்டங்களைக் கறுப்பாக்க வேண்டும். மூன்று மாலை பிடித்தது. கொடுத்த பேனா இரண்டாவது மாலையிலேயே வறண்டுவிட்டது. தாள் வழவழப்பானது, மை உடனே காயாது. நான் இடக்கைக்காரன். இடமிருந்து வலமாக அடைத்துக்கொண்டு போனால் என் கையே பின்னால் வந்து எல்லாவற்றையும் இழுவிவிடும். என் இருபதுகள் முழுக்க ஒரு சாம்பல் படலம். பார்த்தால் உண்மையும் கிட்டத்தட்ட அப்படித்தான் என்பதால் விட்டுவிட்டேன். மற்ற இடக்கைக்காரர்கள் வலப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள், அல்லது பென்சில் எடுங்கள்.

தொழில் புத்தி சும்மா இருக்காது, கணக்கையும் சரிபார்த்தேன். ஆண்டுக்கு 52 வாரம் என்பது 364 நாள்தான். ஆண்டுக்கு ஒரு நாள், லீப் ஆண்டில் இரண்டு நாள் விழுங்கப்படுகிறது. 90 ஆண்டில் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 16 வாரம். வாங்குகிறவனின் ஆயுளில் நான்கு மாதத்தை ஓசைப்படாமல் எடுத்துவிட்டார்கள். மனைவியிடம் சொன்னேன். "அந்த நாலு மாசத்துலதான் நீங்க இதைக் கணக்குப் போட்டீங்க" என்றாள். அவள்தான் படுக்கையறையிலிருந்து தாளை வெளியே அனுப்பியவள். கண் விழித்ததும் முதலில் இதையா பார்க்க வேண்டும் என்று கேட்டாள். நியாயம்தான். வேலை மேசைக்கு மேலே மாட்டினேன்.

90 வரி என்பதும் தாராளம். உலகம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் பிறக்கும்போதைய சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு 73 ஆண்டை ஒட்டித்தான் வருகிறது. பயமுறுத்த வேண்டும், ஆனால் வாங்கியவர் மனம் கசக்கவும் கூடாது. அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இந்த 90 விழுந்திருக்கிறது.

கையேட்டுக்கு வருகிறேன். 24 பக்கம், 17 பிழை. அதைக்கூட மன்னித்துவிடலாம். மரணத்தை நினைவூட்ட விற்கும் பொருளின் கையேட்டில் 'மரணம்' என்ற சொல்லே இல்லை! 'நிறைவு' என்கிறார்கள், 'இறுதிப் புள்ளி' என்கிறார்கள். 'இறப்பு' என்று ஒரே ஒரு இடத்தில் வருகிறது, கடைசிப் பக்கத்தில், நிறுவனம் எதற்கெல்லாம் பொறுப்பல்ல என்ற பொடி எழுத்தில். ஓரிடத்தில் 'இறுதியின் அருகாமை' என்று போட்டிருக்கிறார்கள். அருகுதல் என்றால் குறைதல், அருகாமை என்றால் குறையாதிருத்தல். முடிவு குறையாமல் அப்படியே இருக்கிறது என்று தெரியாமலேயே சரியாக எழுதிவிட்டார்கள். பக்கத்துக்குப் பக்கம் 'முயற்சியுங்கள்' வேறு. முயலுங்கள் ஐயா, முயலுங்கள்.

இன்னொன்று: சாவை நினைத்தால் மனிதன் மேம்படுவான் என்பது 'அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது' என்று கையேடு சொல்கிறது. இப்படி ஒரு வாக்கியம் கண்ணில் பட்டால் ஓரத்தில் கேள்விக்குறி போடாமல் என்னால் தாண்ட முடியாது. தேடிப் படித்தேன். இந்தச் சிந்தனையின் பெரிய பெயர் எர்னெஸ்ட் பெக்கர், அமெரிக்க மானிடவியலாளர். நாம் கட்டுவது, சேர்ப்பது, பெயருக்காக அலைவது எல்லாவற்றுக்கும் அடியில், சாகப் போகிறோம் என்ற அறிவைத் தள்ளிவைக்கும் வேலை நடக்கிறது என்று 1973இல் புத்தகம் எழுதினார். 1980களில் மூன்று உளவியலாளர்கள் அதைச் சோதனைச் சாலைக்குக் கொண்டுபோனார்கள். 1989இல் வெளியான ஒரு சோதனை பிரபலம். அரிசோனாவில் 22 நீதிபதிகள். ஒரு பாதியினரிடம் அவர்களுடைய சாவைப் பற்றி எழுதச் சொன்னார்கள். பிறகு எல்லோருக்கும் ஒரே கற்பனை வழக்கு, பாலியல் தொழில் செய்ததாக ஒரு பெண்மேல் குற்றச்சாட்டு, பிணைத்தொகை எவ்வளவு என்று கேள்வி. சாவைப் பற்றி எழுதாதவர்கள் சராசரியாக 50 டாலர் போட்டார்கள். எழுதியவர்கள் 455 டாலர்.

இதைப் படித்தவுடன் எனக்குத் தோன்றியது, இதில் மேம்பாடு எங்கே இருக்கிறது என்பதுதான். தன் சாவு நினைவுக்கு வந்ததும் மனிதன் தன் நெறியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் மேல் பாய்கிறான். அதுவும் 22 பேரை வைத்துச் சொன்னது. இந்தக் கோட்பாட்டின் வேறொரு பழைய சோதனையைப் பல ஆய்வகங்கள் சேர்ந்து திரும்பச் செய்து 2022இல் வெளியிட்டார்கள், மூல ஆய்வாளர்களின் ஆலோசனையோடும் அது இல்லாமலும். எதிர்பார்த்த விளைவு கிடைக்கவில்லை. 'நிரூபிக்கப்பட்டது' என்ற சொல்லை அடித்துவிட்டேன்.

பெக்கரை மட்டும் அடிக்க மனம் வரவில்லை. 1974 மார்ச்சில், 49 வயதில், புற்றுநோயில் போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து அந்தப் புத்தகத்துக்குப் புலிட்சர் பரிசு. அவருக்கு இந்தத் தாளைக் கொடுத்திருந்தால் 50ஆவது வரியின் நடுவில் நின்றிருக்கும். என் தாளில் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். பாரதிக்கு 39ஆவது வரியில் ஒன்று. இரண்டுமே நான் எப்போதோ கறுப்பாக்கிய இடங்கள், உற்றுப் பார்த்தால்தான் பென்சில் மினுங்குவது தெரியும்.

சரி, பொருள் வேலை செய்ததா? முதலில் பயங்கரமாகச் செய்தது. 30 ஆண்டாக நான் நோட்டுப் புத்தகங்களில் பிழை சேர்த்து வைக்கிறேன். அவற்றை ஒரு பிழை அகராதியாகப் போட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. தாள் மாட்டிய மறுநாள் இரவு தொடங்கினேன். 11 வாரம், தினமும் நள்ளிரவு தாண்டி. எதிரே வெள்ளைக் கட்டங்கள், முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது மாதிரி.

இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த 11 வாரத்தில் நான் முதலில் எழுதியது முன்னுரை. அடுத்தது தலைப்புப் பக்கம், என் பெயரோடு. பெயர் எந்த எழுத்துருவில் வர வேண்டும் என்று ஒரு முழு இரவு போனது. அப்புறம்தான் பதிவுகளுக்கே வந்தேன். 'க' வரிசை முடிந்ததும் அச்செடுத்துப் படித்தேன். 43 பிழை. பிழை அகராதியில் 43 பிழை! வேறு யாராவது எழுதிக் கொண்டுவந்திருந்தால் படியைத் தூக்கி அவர் கையிலேயே கொடுத்திருப்பேன். பயம் என்னை உட்கார வைத்தது உண்மை. ஆனால் அது என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது என் பெயரைத்தான். 'கறுப்பு' வருமா 'கருப்பு' வருமா என்று அதற்கு ஒரு கவலையும் இல்லை.

12ஆவது வாரம் நான் அகராதியைத் தொடவில்லை. பயமும் பழகிவிட்டது. தாள் சுவரோடு சேர்ந்துவிட்டது, பழைய நாட்காட்டி மாதிரி. சில ஞாயிறு அடைக்க மறந்து, மூன்று கட்டத்தைச் சேர்த்து அடைத்திருக்கிறேன். வள்ளுவர் இதைத்தான் பார்த்திருக்கிறார். 'நாளென ஒன்றுபோற் காட்டி உயிர்ஈரும் வாளது உணர்வார்ப் பெறின்.' நாள் என்ற பெயரில் சாதுவாகத் தெரிவது அறுக்கிற வாள், உணர்கிறவர்களுக்கு. தாள் தயாரித்தவர்கள் அந்த வாளின் பற்களை 4,680 ஆக எண்ணி அச்சடித்திருக்கிறார்கள். கடைசிச் சொற்களான 'உணர்வார்ப் பெறின்' என்பதைத்தான் அவர்களால் பெட்டியில் போட்டு அனுப்ப முடியாது.

ஆறாவது மாதம் அம்மா வந்து தங்கினாள். 82 வயது. கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு தாளின் முன்னால் வெகு நேரம் நின்றாள். என்ன இது என்று கேட்டாள். சொன்னேன். பாதி சொல்லும்போதே, சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றிவிட்டது. அவள் பாட்டுக்கு விரலால் வரி எண்ணத் தொடங்கினாள். அவளுடையதைத் தேடுகிறாள் என்று நினைத்தேன். விரல் மேலே போய் முதல் வரியில் நின்றது.

"இதை ஏண்டா அடிச்சுவெச்சிருக்கே?"

"முடிஞ்ச வாரம்மா அதெல்லாம்."

"இந்த மூணு கட்டமும் ராத்திரி முழுக்க அழுதே. நாலாவதுல நிறுத்திட்டே. ஏன் அழுதே, ஏன் நிறுத்தினேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை." விரல் இரண்டாவது வரிக்கு இறங்கியது. "இங்க எங்கியோ நடந்தே. இங்க விழுந்து உதடு கிழிஞ்சுது."

உதட்டில் தழும்பு இருப்பது எனக்குத் தெரியும். எந்தக் கட்டம் என்று தெரியாது. முதல் மூன்று வரி, 156 கட்டம், எனக்கு ஒன்றுகூட நினைவில்லை. எனக்கு ஒன்றும் இல்லாத இடம் என்றுதான் அவற்றை யோசிக்காமல் அடைத்தேன். அவை அவளிடம் இருக்கின்றன. அவளிடம் மட்டும். அப்பா போய்ப் பல ஆண்டாகிறது. அவளுக்குப் பிறகு அந்த 156 கட்டமும் யாரிடமும் இருக்காது. 113ஆம் பக்கத்தில் வராத நடுக்கம் எனக்கு அப்போது வந்தது. என் வெள்ளைக் கட்டங்களைப் பற்றியே பயந்துகொண்டிருந்தவன், கறுப்பும் அழியும் என்று யோசிக்கவே இல்லை.

அன்று மாலை ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் சொல்வதில் பாதி முன்னுக்குப் பின் முரண். ஒரு நாள் முதல் பல் ஏழாம் மாதம், அடுத்த நாள் ஒன்பதாம் மாதம். நான் எதையும் திருத்தவில்லை. என் தொழிலில் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். அகராதியையும் மறுபடி எடுத்தேன், இந்த முறை பகலில், ஒரு நாளைக்கு இரண்டு பதிவு. முன்னுரையைத் தூக்கிவிட்டேன். 'ச' வரிசையில் இருக்கிறேன்.

தாள் இப்போதும் மேசைக்கு மேலேதான் இருக்கிறது, கொஞ்சம் கோணலாக. பின்பக்கம் ஒட்டக் கொடுத்த பசைப்பட்டைகள் இரண்டாம் மாதமே விட்டுவிட்டன. நான்கு ஆணி அடித்துக்கொள்ளுங்கள். யாருக்காவது பரிசாகக் கொடுப்பதாக இருந்தால் ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள், முக்கியமாக வீட்டில் யாராவது உடம்பு சரியில்லாமல் இருந்தால்.

அம்மாவுக்கு மட்டும் தாளின் மேல் ஒரு புகார் இருந்தது. ஊருக்குக் கிளம்பும் முந்தைய நாள் சொன்னாள். "தொண்ணூறோட நிறுத்திட்டானே, அதுக்கு மேல இருந்தா எங்க அடிக்கிறது?" அவளுக்கென்று தனியாக ஒரு தாள் வேண்டுமாம், இந்தக் கடைத்தாள் வேண்டாமாம், நானே கோடு போட்டுத் தர வேண்டுமாம். ஸ்கேலும் பென்சிலும் எடுத்து வந்து, 83 முதல் எத்தனை வரி போடட்டும் என்று கேட்டேன்.

"இப்போதைக்கு இருபது போடு" என்றாள். "கட்டத்தைக் கொஞ்சம் பெருசா போடு. கண்ணு தெரியலை."